முழு நீள முன்சீட்

"இதுலயும் பெட்டி இருக்கு" என்றார் அப்பா, கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு.

பெட்டி என்று அவர் சொல்வது, முன்சீட் இரண்டுக்கும் நடுவே காபி வைப்பதற்காக இருக்கும் தடுப்பை. அது இருந்தால் அந்தக் கார் வேண்டாம். மூன்று சனிக்கிழமைகளாக இதே பாட்டுதான். இது ஆறாவது பழைய கார் கடை.

எனக்கு அலுத்துவிட்டது. பூட்ஸ் முழுக்க மார்ச் மாதச் சேறு.

"முன்னாடி ஒரே நீளமா பெஞ்சு மாதிரி சீட் வேணும். பெரிய கார்" என்றார் அப்பா, கடைக்காரர் கிரெக்கிடம்.

இதைச் சொல்வது அப்பா என்பதுதான் வேடிக்கை. அயோவாவில் ஊரே படகு போன்ற கார்களில் போய்க்கொண்டிருந்த காலத்தில், எங்கள் ஐந்து பேரையும் சின்ன ஃபோக்ஸ்வேகனுக்குள் திணித்தவர் அவர். முன்னால் தனித்தனியாக இரண்டு சீட். பெரிய கார் வாங்கலாமே என்று நாங்கள் கேட்டால், பெட்ரோல் விலை தெரியுமா என்று வாயை அடைத்துவிடுவார். அதற்குப் பிறகு வாங்கியதெல்லாம் தனித்தனி சீட் வைத்த சின்னக் கார்கள்தான்.

இப்போது மட்டும் ஏன் என்று கேட்டேன். அம்மாவுக்கு வசதி என்றார். உடனே அடுத்த காரை எட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

அம்மா என் காரின் பின்சீட்டில் இருந்தாள். கதவை உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தேன். அப்பா ஓட்டினால் அவள் ஏற மாட்டாள். அப்பா யார் என்பது அவளுக்கு மறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. அவரைக் காட்டி, குழாய் ரிப்பேருக்கு வந்தவர் வேலை முடிந்தும் ஏன் கிளம்பவில்லை என்று என்னிடம் ரகசியமாகக் கேட்பாள்.

ஜனவரியில் ஒருநாள் எப்படியோ ஏற்றிவிட்டார். பாதி வழியில், யாரோ தன்னைக் கடத்திப் போவதாகக் கத்தி, ஓடுகிற காரின் கதவைத் திறந்துவிட்டாள்.

அன்றிலிருந்து வாரம் இரண்டு முறை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் எழுபது மைல் ஓட்டி வருகிறேன். இனி லீவு கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். முதியோர் இல்லத்தின் படிவம் என் கைப்பையில் இருந்தது. இன்றும் சரிப்படவில்லை என்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்று அப்பா காலையில் ஒப்புக்கொண்டிருந்தார். போட்டுவிட்டால் நல்லது என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்கே வெட்கம்.

கிரெக் தலையைச் சொறிந்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகக் கடைக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

2004 பியூக். பழுப்பு நிறம். முன்னால் ஒரு கதவிலிருந்து மறு கதவு வரை ஒரே சீட். கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருந்தது.

"ரிட்டயர்டு டீச்சர் ஓட்டினது சார். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும்."

எங்கள் ஊரில் விற்கிற பழைய கார் எல்லாமே அப்படித்தான். டீச்சர்களைத் தவிர வேறு யாரும் கார் ஓட்டுவதே இல்லை போலிருக்கிறது.

வழக்கமாக அப்பா டயரை உதைப்பார், அடியில் படுத்துத் துருவைத் தேடுவார். இன்று எதுவும் செய்யவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி, இருக்கிற நாலு முடியைக் கையால் வாரிக்கொண்டார்.

"அம்மாவைக் கூட்டிட்டு வா" என்றார்.

அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தேன். திறந்த கதவருகே நின்று அந்தச் சீட்டைப் பார்த்தாள். கத்தப் போகிறாள் என்று நினைத்து அவள் தோளைப் பிடித்தேன்.

என் கையை உதறிவிட்டு ஏறினாள். கதவோரம் உட்காரவில்லை. சீட்டில் வழுக்கிக்கொண்டே நடுவுக்குப் போய், அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள். அவர் பெல்ட் மாட்டிவிட்டதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

சோளக்காட்டுப் பக்கம் இரண்டு மைல் போனோம். அம்மா தலையை அப்பாவின் தோளில் சாய்த்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் நினைவு வந்துவிட்டது, அவரைத் தெரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

"பத்து மணிக்குள்ள வீட்டுல விட்டுரு டுவெய்ன். எங்கப்பா தூங்காம உக்காந்திருப்பாரு" என்றாள் அம்மா.

டுவெய்ன்.

எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர். ஒரு கிறிஸ்துமஸ் அன்று மட்டும், கொஞ்சம் குடித்திருந்த மெர்னா சித்தி, "எங்கக்கா டுவெய்னக் கட்டியிருந்தா அவனோட அந்த நீள சீட்டுக் கார்லயே இன்னும் போயிட்டிருப்பா" என்று சொல்லிச் சிரித்தாள். அப்பா எழுந்து பனி அள்ளப் போனார். அன்றைக்குப் பனியே பெய்யவில்லை.

கண்ணாடியில் அப்பாவின் கண்களைப் பார்த்தேன். அவற்றில் ஆச்சரியம் எதுவும் இல்லை. களைப்புதான் இருந்தது.

"பத்து மணிக்கு முன்னாடியே விட்டுடறேன், ஆர்டி" என்றார் அம்மாவிடம்.

கடைக்குத் திரும்பியபோது அம்மா அவர் கையைப் பிடித்திருந்தாள். கிரெக் காகிதம் செருகிய அட்டையும் பேனாவுமாக ஜன்னலருகே வந்தார். அப்பா பேரம்கூடப் பேசவில்லை. எடுத்துக்கறேன் என்றார்.

"பேப்பர யாரு பேர்ல போடட்டும் சார்?"

அப்பா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். சத்தமில்லாமல் இறங்கினார். கிரெக்கின் முழங்கையைப் பிடித்து, நாலு கார் தள்ளிக் கூட்டிப் போனார்.

அங்கே நின்று, எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் தன் பெயரைச் சொன்னார்.