எட்டாவது அடி

"இன்னொருக்காப் போடும், தம்பி."

ஜதுர்சன் போனில் பாட்டை மறுபடியும் போட்டான். இது மூன்றாந்தரம்! நெடுந்தீவில் பயணிகள் வள்ளம் ஓட்டும் இராயப்பு கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் இருந்தார். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

பாட்டு அன்று காலையில்தான் இணையத்தில் வெளியானது. அவர்களுடைய குழுவின் முதல் பாட்டு. கீபோர்ட் ஜதுர்சன், குரல் இராயப்புவின் மகள் டிலக்சனா. சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் அதை மேடையில் பாட வேண்டும். மகளை விடச்சொல்லிக் கெஞ்சத்தான் இந்தப் பாவி சுருவில் கிராமத்தில் இருந்து கடல் தாண்டி வந்திருக்கிறான்.

"இந்த வகைப் பாட்டுக்கு என்ன பேர் சொன்னனீர்?"

"சிந்த்பொப், ஐயா. கீபோர்டில செய்யிற மின்னிசை."

"காய்ச்சல் குளிசையின்ர பேர் மாதிரிக் கிடக்கு." விரலால் கதிரையில் தட்டினார். "மேளம் ஆர்?"

"மேளம் இல்லை, ஐயா. டிலக்சனா எங்கேயோ ஒரு சத்தத்தைப் போனில பிடிச்சுத் தந்தவ. எங்கை எண்டு கேட்டா வாய் திறக்கிறா இல்லை. அதைத்தான் கொம்பியூட்டரில தாளமாக்கினனான்."

கதவோரம் நின்ற டிலக்சனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எட்டாவது அடி தப்புது," என்றார் இராயப்பு.

"அதுதான் ஐயா அழகே! கேட்டவை எல்லாம் அதைத்தான் புகழுகினம்."

"புகழுவினம், புகழுவினம்." இராயப்பு மகள் பக்கம் திரும்பினார். "எப்ப பிடிச்சனீ, பிள்ளை?"

"ரெண்டு கிழமை இருக்கும், அப்பா."

அவ்வளவுதான். மனிசன் சடாரென்று எழும்பி, சேட்டுக்கூடப் போடாமல், படலையைத் தள்ளிக்கொண்டு போயே போய்விட்டார்.

"போச்சு!" என்றான் ஜதுர்சன். "உம்மட அப்பா என்னை அடிக்காமல் விட்டதே பெரிய காரியம்."

டிலக்சனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னை விடமாட்டார். வேற ஆரையும் பாட வையும்."

அவளில்லாமல் அந்தப் பாட்டு ஏது?

ஒரு மணித்தியாலம் கழித்து இராயப்பு திரும்பி வந்தார். இரண்டு கையும் முழங்கைவரை எண்ணெய்க் கறுப்பு. வெடிப்பு விழுந்த டீசல் குழாய் ஒன்றை மேசையில் போட்டார்.

"சனிக்கிழமை உங்கள் ரெண்டு பேரையும் நானே ஏத்திக்கொண்டு போறன்," என்றார். "எட்டாவது அடி தப்பினது இதாலதான். காத்துக்குள்ளையும் சனத்தின்ர கதைக்குள்ளையும் எனக்கு ஒண்டும் கேக்கேல்லை, தம்பி. இந்தக் கள்ளி என்ர வள்ளத்து எஞ்சினைப் பிடிச்சுப் பாட்டில போட்டிராட்டி, நாளைக்கு அறுபது சனத்தோட நடுக்கடலில நிண்டிருப்பன்!"