மிலோவின் வயிறு

பதினோரு வருடமாக அந்த வீட்டில் சமைக்கும் பவுனம்மா, ஒருநாள்கூட சாம்பாரை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்ததில்லை. சாமிக்குப் படைக்குமுன் சமையல்காரி வாய் வைத்துவிடக் கூடாது என்பது வைதேகி அம்மாளின் சட்டம். இன்று நாய் மிலோவுக்காகக் கேழ்வரகு மாவில் பூசணியைப் பிசைந்து சுட்ட பிஸ்கட்டுகள் ஓவனிலிருந்து வந்ததும், அந்த அம்மாளே தட்டை நீட்டினாள்.

"ஒண்ணு தின்னு பாரு பவுனு. மிலோ வயித்துக்கு ஒத்துக்காமப் போயிடுமோன்னு பயமா இருக்கு."

பவுனம்மாவுக்குக் காதுமடல் கொதித்தது. ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். வாயருகே கொண்டுபோனவள், சட்டென்று அதை வைதேகி அம்மாளின் உதட்டுக்கு நேரே நீட்டினாள்.

"எனக்குக் கல்லைத் தின்னாலும் செரிச்சிடும்மா. மிலோவுக்கு உங்கள மாதிரியே வயிறு. நீங்க கடிச்சுப் பாருங்க."

நீட்டிய கையை அவள் இறக்கவேயில்லை.