மிச்ச நாள்

"புருஷன் செத்து பத்து மாசம்தான் ஆவுது. பல்லைக் காட்டிக்கினு கேக் துன்னுது பாருக்கா" என்று போனை அன்னம்மாளின் முகத்துக்கு நேரே நீட்டினார் தம்பி ஆரோக்கியசாமி.

நேற்று, கிறிஸ்துமஸ் அன்று, மருமகள் ஃபெம்கே ஸ்டேட்டஸில் வைத்த படம் அது. நெதர்லாந்தில் அவளைப் பெற்றவர்கள் வீடு. பெரிய மேசை, மெழுகுவத்தி, அப்பா அம்மா நடுவில் அவள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்னம்மாள் போனைத் தள்ளிவிட்டாள். மாதனூரில் இந்த வீட்டில் இந்த வருஷம் ஸ்டார் கட்டவில்லை, எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. மகன் இளம்பரிதியே போன பிறகு என்ன பண்டிகை? புருஷன் இல்லாமல் ஷூ கம்பெனியில் மிஷின் தைத்துப் படிக்க வைத்த பிள்ளை. வேலைக்கு என்று நெதர்லாந்து போனான், அங்கேயே இவளைக் கட்டிக்கொண்டான். பிப்ரவரியில் சைக்கிளில் போனவனை லாரி அடித்தது. பெட்டியில்தான் ஊர் வந்தான்.

அடக்கத்துக்குக் கூடவே வந்தவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நாலாம் நாளே விமானம் ஏறிவிட்டாள். ஊர் வாய் சும்மா இருக்குமா?

அவன் இருந்தபோதே அன்னம்மாளுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பண்டிகை அன்று கூப்பிட மாட்டான். மறுநாள்தான் வீடியோவில் வருவான், பக்கத்தில் அவளும். மறுநாளும் அங்கே லீவாம். குடும்பம் குடும்பமாக சோபா கடைக்குப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்புவார்களாம். மேசை நடுவில் அடுப்பை வைத்து, ஆளுக்கொரு சின்ன வாணலியில் கறி வறுத்துத் தின்பார்களாம்.

"நல்ல நாள் மாமியாருக்கு, மிச்ச நாள் எனக்கா?" என்பாள் அன்னம்மாள். "ரெண்டும் நல்ல நாள்தாம்மா இங்க" என்று சிரிப்பான். அவள் நம்பினால்தானே.

மத்தியானம் அன்னம்மாளின் போன் அடித்தது. ஃபெம்கே. அன்னம்மாள் கட் செய்தாள். மறுபடி அடித்தது.

"தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க. அது இன்னா நம்ம சதையா? புள்ளையே போய்ட்டான், இனிமே எதுக்குக்கா இந்த பேஜாரு?" என்று போனை வாங்கி, அந்த நம்பரையே பிளாக் செய்தார் ஆரோக்கியசாமி.

அன்னம்மாள் தடுக்கவில்லை. ஏதாவது சோபாவில் உட்கார்ந்துகொண்டு, பொழுது போகாமல் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயந்தரம் மகள் ஜாஸ்மின் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவளும் ஷூ கம்பெனிதான். வேலை நேரத்தில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வெளியே வந்து பார்த்தால், அண்ணியிடமிருந்து பதினோரு மிஸ்டு கால்.

"ஏம்மா எடுக்கல?"

"நேத்து பூரா நாம ஞாபகத்துக்கு வரல. அம்மா வீட்ல கொண்டாடி முடிச்சாச்சு. இன்னைக்கு இன்னாத்துக்கு நானு?"

ஜாஸ்மின் அண்ணி அனுப்பியிருந்த படத்தைக் காட்டினாள். இளம்பரிதி குடியிருந்த அதே சின்ன வீடு. மேசை நடுவில் அடுப்பு, சுற்றி மூன்று தட்டு. ஒன்று அவளுக்கு. மற்ற இரண்டிலும் கோணல்மாணலாகத் தமிழில் எழுதின சீட்டு. அம்மா. ஜாஸ்மின். வெட்டி வைத்த கறி அப்படியே இருந்தது.

படத்தோடு ஒரு வாய்ஸ் மெசேஜும் இருந்தது. ஜாஸ்மின் அதைத் தட்டினாள். இளம்பரிதி சொல்லிக்கொடுத்த தமிழ், ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"அம்மா, முதல் நாள் என் அம்மா வீடு. ரெண்டாம் நாள் புருஷன் அம்மா வீடு. எங்க ஊர் வழக்கம்."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"புருஷன் இல்ல. அவர் அம்மா இருக்காங்க. காலையில இருந்து போன்லயே உங்க வாசல்ல நிக்கிறேன். கதவு திறங்கம்மா."