மஞ்சள் மாவின் பெயர்

அறுபத்தோராயிரத்து இருநூறு ரூபாய்.

கோழிப்பண்ணை முதலாளி சோமசேகரம் குணமணிக்குத் தரவேண்டிய இரண்டு மாதச் சம்பளம். அதைக் கேட்க அவள் இன்றைக்கு வரவில்லை.

சல்லிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கியதும் பண்ணைக்கு ஓடத் தொடங்கினாள்.

மகள் விதுசா பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். சிறுநீரில் கிருமி. உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. போட்ட ஊசி ஒன்றும் பிடிக்கவில்லை.

தாய்க்குக் கோழிப்பண்ணையில் வேலை என்று அறிந்ததும் டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "கோழித் தண்ணியிலை என்ன மருந்து கலக்கிறனீங்கள்? பேர் தெரிஞ்சால் அதை விட்டுட்டு வேறை மருந்து போடலாம். சோதனை முடிவு வரும்வரைக்கும் காத்திருக்க ஏலாது."

கலக்கியது அவள் கைதான். பெயர்தான் தெரியாது. முதலாளி பைக்கற்றைப் பிரித்துப் பழைய பால்மா டின்னில் கொட்டித் தருவார். மஞ்சள் மா. தண்ணீர்த் தாங்கிக்கு இரண்டு கரண்டி.

பள்ளிக்கூடம் விட்டு வரும் விதுசா கோழிகளின் தண்ணீர்ச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்ப்பாள். அம்மாவுக்கு உதவியாம்.

கோழிகளுக்கு ஒரு குறையும் இல்லை. கொழுத்து மினுங்கிக்கொண்டு நின்றன. அந்த மருந்துக்குப் பழகி அடங்காத கிருமி அதுகளின் குடலில் இருக்கலாம், அதுகளை ஒன்றும் செய்யாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவள் அதுகளைப் பாராமல் கொட்டிலைச் சுற்றி ஓடினாள்.

கொட்டிலுக்குப் பின்னால் புகை.

முதலாளி பீப்பாய்க்குள் வெறும் மருந்துப் பைக்கற்றுகளைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வான். கதவு திறந்து கிடந்தது. சீற்றில் தலையணை, பாய், சுடுதண்ணிப் போத்தல்.

ஆள் ஓடப்போகிறார்.

"முதலாளி, அந்த மாவின்ர பேரைச் சொல்லுங்கோ."

"என்ன மா?" அவர் திரும்பவில்லை. "கோழி ஒண்டு தும்மினதையே நீ கண்டனி? நாளைக்குக் கோழி ஏத்த லொறி வருகுது, தேவையில்லாத கதையைக் கிளப்பாதை. சம்பளம் இந்த மாசம் தாறன், போ."

"சம்பளம் வேண்டாம். ஒரு சதமும் வேண்டாம். பேரைத் தாங்கோ. டொக்டர் கேக்கிறார். பெரியாஸ்பத்திரியிலை காய்ச்சலோடை கிடக்கிற என்ர பிள்ளை போயிடும்."

நெருப்பைக் கிளறிய தடி நின்றது.

கவிழ்ந்து கிடந்த வாளியில் அவர் மெல்லக் குந்தினார். சேட்டுப் பொக்கற்றுக்குள் கையை விட்டார். நாலாய் மடித்த பைக்கற் ஒன்று. மடிப்பெல்லாம் வியர்வை ஊறி வெளிறிப்போயிருந்தது. நெருப்பில் போடாமல் எத்தனை நாள் சுமந்தாரோ.

"என்ர மனிசியும் அங்கைதான். ரெண்டாம் மாடி, பதினாலாம் கட்டில். இதே காய்ச்சல்."

குணமணி வானுக்குள் இருந்த தலையணையைப் பார்த்தாள். அது அவர் மனைவிக்கு.

"மருந்தே குடுக்கிறேல்லை எண்டு முதல் நாளே டொக்டரிட்டைச் சொல்லிப்போட்டன். பிறகு மாத்திச் சொல்ல வாய் வரேல்லை. நீ சொல்லு, பிள்ளை. அவளுக்கும் சேத்துச் சொல்லு."

அவள் பைக்கற்றைப் பறித்துக்கொண்டு வானில் ஏறினாள்.

நிலாவெளி றோட்டுக்கு வான் ஏறியபோது அவர் சம்பளக் கதையை எடுத்தார்.

"அது அப்பவே தீர்ந்துது" என்றாள் குணமணி. "நீங்கள் கெதியா ஓட்டுங்கோ."