தலைவருக்கு ஒரு சேர்

“தலைவரே, ஒண்ணு நீங்க அந்தச் சேர்லேர்ந்து எறங்கணும். இல்லேன்னா பதவியிலேர்ந்து எறங்கணும்!”

பரிமளா போட்ட போட்டில் திண்டிவனம் இயக்கக் கூடமே அதிர்ந்தது.

சும்மாவா? சம வாழ்வு இயக்கத்தில் மேடை கிடையாது, மாலை கிடையாது, சேர் கிடையாது. கலெக்டரே வந்தாலும் ஜமக்காளத்தில்தான் உட்காரணும். இந்த விதி பிடித்துப்போய்த்தான் பரிமளா இயக்கத்தில் சேர்ந்தாள். இன்றைக்குச் செயலாளர்.

அப்படிப்பட்ட இடத்தில் தலைவர் ஆதிநாராயணன் மூணு மாசமாக ஜம்மென்று பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்கிறார். அவரைப் பார்த்து பிரம்மதேசத்துக் கெங்கம்மாளும் பக்கத்தில் ஒரு சேர் போட்டுக்கொண்டார். ஒரு வருஷமாகக் கூட்டத்தையே எட்டிப் பார்க்காத அம்மா, தலைவர் பக்கத்தில் இடம் என்றதும் ஓடி வந்துவிட்டாரே! பரிமளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உடம்புக்கு எதனா பண்ணுதாங்க? சொன்னா விதியத் தளர்த்திக்கலாம்,” என்றார் உறுப்பினர் தீனதயாளன் சமாதானமாக.

“எனக்கு ஒண்ணும் இல்லப்பா. திடமாத்தான் இருக்கேன்.”

“அப்புறம் எதுக்கு சேரு?” பரிமளா விடவில்லை.

“உக்காந்தது தப்புதாம்மா. நீங்க என்ன சொன்னாலும் கட்டுப்படறேன்.”

திமிரைப் பாருங்களேன்! காரணம்கூடச் சொல்ல மாட்டாராம்.

“இனிமே இங்க யாருக்கும் சேர் இல்ல. ஒத்துக்கிறவங்க கையத் தூக்குங்க!”

முதலில் எழுந்தது கெங்கம்மாளின் கை. அப்புறம் மற்றவர்கள். ஆதிநாராயணனும் தூக்கினார்.

தூக்கின கையோடு எழுந்து வந்து, ஜமக்காளத்தில் சுலபமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

கெங்கம்மாளும் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தார். முட்டி மடங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“கழனில மல்லாட்டைச் செடி புடுங்க ஆளு வந்திருப்பாங்க. நான் போறேம்மா.” பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

பரிமளா தலைவரிடம் குனிந்தாள். “அவங்களுக்கா முட்டி வலி? அவங்களுக்கு மட்டும் ஒரு சேர் போட்டிருக்கலாமேங்க!”

“போடறேன்னு அவங்ககிட்ட தனியா சொன்னேனே. அப்பதான் கூட்டத்துக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க.” ஆதிநாராயணன் குரலைத் தாழ்த்தினார். “சின்ன வயசுல ஊர்ல பெரிய மனுசங்க சேர்ல உக்காந்துக்கினு இவங்கள நிக்க வெச்சே பேசுவாங்களாம். அந்த வேதனையில இவங்க கேட்டுத்தான் இந்த விதியே போட்டோம். ‘நான் மட்டும் ஒசரத்துல உக்காருவனா’ன்னு வீட்டோட இருந்துட்டாங்க. அதான் நானும் ஒசரத்துல உக்காந்தேன். இத எல்லார் முன்னாலயும் சொன்னா அவங்க கூசிப் போயிடுவாங்கம்மா.”

பரிமளாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, இந்த மனுஷரையா இத்தனை பேச்சுப் பேசினோம்! கெங்கம்மாள் இப்போது படி இறங்கிவிட்டால், அப்புறம் இந்தக் கூடத்துக்குத் திரும்பவே மாட்டார்.

பேசாமல் போய் அந்த ரெண்டு சேரையும் தரதரவென்று கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டாள். எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்க, ஒன்றில் ஏறி உட்கார்ந்தும்விட்டாள்.

“கெங்கம்மா, இருங்க! எனக்கு இங்க தனியா உக்கார ஒரு மாதிரியா இருக்குது. ஜல்தி வாங்க, துணைக்கு உக்காருங்க!”

வாசலில் கெங்கம்மாள் தயங்கினார். பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு மெல்லத் திரும்பி வந்தார்.

“என்னம்மா இது? தீர்மானம் போட்ட சூடு ஆறல, நீயே மீறுற?” தீனதயாளன் கத்தினார்.

“ஆமாங்க, மீறிட்டேன்,” என்றாள் பரிமளா, பக்கத்துச் சேரைக் கெங்கம்மாளுக்கு வாகாகத் திருப்பிக்கொண்டே. “அடுத்த கூட்டத்துல என்னைத்தான் பதவியிலேர்ந்து எறக்கணும். தலைவரே, அந்தத் தீர்மானத்த நீங்களே கொண்டாந்துடுங்க!”