பாடை நின்ற கரை

கண்மாய்க்கு வலசை வரும் பறவைகள் மிரளுமென்று எங்கள் ஊரில் தீபாவளிக்கும் வெடி கிடையாது. சாவுக்கும் கொட்டில்லாமல்தான் போவோம். வருடாவருடம் பறவைகளை எண்ணிவந்த சேவுகமூர்த்தி செத்த வருடம் ஒன்றுகூட வரவில்லை. பாடை கரையேறியதும் அவர் மகன் டவுனில் வாங்கிய வெடியை மடியிலிருந்து எடுத்தான்.

"அதுகதான் வரலையே சித்தப்பா. அப்பாவுக்கு ஒண்ணு போடவா?"

கூடவே எண்ணித் திரிந்த அடைக்கன், செத்தவரின் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

"போடு. எங்கயாச்சும் ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிருந்தா கிளம்பும்ல."

வெடித்தது. பாடை தூக்கியவர்களும் நடக்க மறந்து கண்மாய்க்குள் பறவைகள் அடையும் கருவமரங்களையே அண்ணாந்து பார்த்தார்கள். புகை கலைந்தது. ஓர் இலைகூட அசையவில்லை.

அடைக்கன் பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்காமலே சொன்னார்: "இன்னொண்ணு போடு."