மச்சினனுக்கு வந்த படபடப்பு

“எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். எல்லாம் என் மச்சினனுக்குத்தான்” என்றபடி வந்து உட்கார்ந்தார் பெரியவர்.

மனநல ஆலோசகர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

இந்த அறைக்குள் யாரும் தன் கஷ்டத்தோடு நேராக வந்ததில்லை. ஒருவர் நண்பனின் தூக்கமின்மையைத் தூக்கிக்கொண்டு வருவார். இன்னொருவர் எதிர்வீட்டுக்காரரின் விவாகரத்தைச் சுமந்துகொண்டு வருவார். இப்படிப்பட்டவர்களுக்கு ‘இரவல் நோயாளி’ என்று பெயர் வைத்ததே இவர்தான். ஒரு கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசியபோது இரண்டு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் இவருடைய கணவர்.

“சொல்லுங்க. உங்க... மச்சினனுக்கு என்ன பிரச்சினை?”

அந்த மூன்று புள்ளிகளை வாயாலேயே வைக்க அவருக்குத் தெரியும்.

பெரியவர் பேச்சைப் பிடித்துக்கொண்டார்.

மச்சினனுக்கு பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு படபடக்கிறதாம். கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறானாம். லிஃப்ட் என்றால் ஆகவே ஆகாதாம். போன் மணி அடித்தால் உள்ளங்கை வியர்த்துவிடுகிறதாம். யாராவது செத்துப்போன செய்தியாக இருக்குமோ என்று எடுக்க மாட்டானாம்; எடுக்காததால் யாரோ செத்திருப்பார்கள் என்று அப்புறம் உட்கார்ந்து கவலைப்படுவானாம்.

ஆலோசகருக்கு ‘ம்’ கொட்டக்கூட இடம் கிடைக்கவில்லை. சிரத்தையோடு தலையாட்டுவதும், பரிவோடு தலையாட்டுவதும், ஒன்றும் புரியாதபோது ஆட்டுவதுமாக அவரிடம் மூன்று வகைத் தலையாட்டல் இருந்தது. மூன்றும் தீர்ந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

குரல் என்றால் அப்படி ஒரு குரல். சொல்லுக்குச் சொல் நிறுத்தி, கணீரென்று, சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களின் கண்ணாடி அதிர்கிற மாதிரி.

“ரயில் நிலையத்துல அறிவிப்பாளரா இருந்தேன் மேடம். இப்ப அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பாக்குது. ஒரு சூட்கேஸைக் கையில குடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதை விடுங்க, மச்சினன் விஷயத்துக்கு வருவோம்.”

அதை விடுங்க!

ஆலோசகருக்கு வெல்லக்கட்டி கிடைத்தாற்போல் இருந்தது. மனிதன் எதை விடச் சொல்கிறானோ அதைத்தான் பிடிக்க வேண்டும். இதுவும் கருத்தரங்கில் சொன்னதுதான்.

“வேலை போனப்புறம் வீட்ல இருக்கிறது எப்படி இருக்கு உங்களுக்கு?”

“எனக்கென்ன மேடம், ராஜா மாதிரி இருக்கேன். அவன்தான் பாவம்.”

வண்டி மறுபடியும் மச்சினன் தடத்துக்கே போய்ச் சேர்ந்தது. பெரியவர் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒதுக்கிய நேரத்தில் முக்கால்வாசி கரைந்திருந்தது.

“என் வீட்டுக்காரிக்கு ஒரே தம்பி. அவனுக்கு ஒண்ணுன்னா அவ தாங்க மாட்டா. எப்படியாவது அவனைச் சரி பண்ணிக் குடுத்துடுங்க.”

சொல்லும்போது பெரியவரின் கண் கலங்கிவிட்டது.

சரி, கனிந்துவிட்டது என்று முடிவு கட்டினார் ஆலோசகர். டிஷ்யூ பெட்டியை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார். குரலைத் தாலாட்டு அளவுக்கு இறக்கிக்கொண்டார்.

“அந்த மச்சினன் இப்ப இந்த ரூம்லதான் இருக்கார்னு வச்சுக்குவோம். அவரே வாயைத் திறந்து பேசட்டுமே?”

இதோ, உடைந்து அழப்போகிறார்.

பெரியவரின் முகம் மலர்ந்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே பார்த்து ஒரு விரலை மடக்கிக் கூப்பிட்டார்.

வாய் நிறைய பிஸ்கட்டோடு தாட்டியான ஆசாமி ஒருவர் உள்ளே வந்து, “வணக்கம் மேடம்” என்றார்.

அசல் மச்சினன்.

ஆலோசகருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு டிஷ்யூவை உருவித் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டார், அதற்காகவே பெட்டியை நகர்த்தியவர் மாதிரி.

பெரியவர் மச்சினனின் தோளில் தட்டிக்கொடுத்தார். நாற்காலியைக் காட்டினார். வெளியே போய்ச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

“இந்தப் படபடப்பு எப்பலேருந்து இருக்கு உங்களுக்கு?”

“எனக்கா? இடி விழுந்தாலும் புரண்டு படுத்துத் தூங்குற ஆளு மேடம் நான்.” மச்சினன் பிஸ்கட்டை விழுங்கினார். “மாமாவை இங்க கூட்டிட்டு வரணும்னு எங்க அக்கா கெஞ்சாத கெஞ்சல் இல்ல. அசைஞ்சு குடுக்கல மனுஷன். அப்புறம் நான்தான், எனக்கு மனசு சரியில்ல மாமா, தனியாப் போகப் பயமா இருக்கு, எனக்குச் சொல்லவும் வராது, நீங்க கூட வந்து எடுத்துச் சொல்லுங்கன்னு ஒரு அழுகை அழுதேன். நான் செருப்பை மாட்டுறதுக்குள்ள தெருவுல போய் நிக்கிறாரு!”

ஆலோசகரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

ஆக, இரவல்தான்! கணிப்பு வீண்போகவில்லை. ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று சொல்ல வாயெடுத்தார்.

மச்சினன் சிரிக்கவில்லை. சாத்திய கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வேலை முடிஞ்சு வந்த நாள்லேருந்து வீட்ல ஒரு வார்த்தை கிடையாது மேடம். அக்கா எது கேட்டாலும் தலையாட்டல்தான். தண்ணி வேணும்னா டம்ளரைக் காட்டுவாரு. இப்ப வர வழியெல்லாம்கூட அப்படித்தான்.”

கையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“இங்கயாவது ஏதாவது பேசினாரா?”